நாற்பத்தொன்றாம் குழாய்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

என் வலது காலை உங்கள் ஆஸ்பத்திரி எடுத்துக்கொண்டிருக்கிறது. வெட்டி அல்ல, காத்திருக்கச் சொல்லி.

இதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிப்பது என்று இருந்தேன். எப்படி இருக்கிறாய்? அந்த இருமல் போயிற்றா? அத்தானும் சின்னவளும் சுகம்.

ஐந்தாவது மாடியில் கூடும் மருந்துக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. டாக்டர் எனக்காகக் கேட்ட மருந்து இப்போது கிடையாதாம். முதலில் ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுகிற ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அது பலிக்கவில்லை என்று காட்ட, ஒரு வருடத்துக்குள் இரண்டு தடவை நோய் என்னைத் தாக்க வேண்டும். இரண்டும் ஸ்கேனில் தெரிய வேண்டும். அப்புறம் யோசிப்பார்களாம். தேறுவதற்குத் தோற்க வேண்டிய பரீட்சையை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? பதினோரு வருடம் பஸ் ஓட்டியவள் நான். பிரேக் பிடிக்கவில்லை என்று எழுதிக்கொடுத்தால், "ரெண்டு பேர் மேல ஏத்திக் காட்டு, அப்புறம் பாக்கலாம்" என்று எந்த மெக்கானிக்கும் சொன்னதில்லை.

செப்டம்பரில் நடந்தது அவர்களுக்குப் போதவில்லை. நாற்பது பேரோடு சிக்னலை நெருங்குகிறேன். கால் பிரேக் மேல்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கால் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, நடைபாதை ஓரத்தில் உரசி நிறுத்தி, எல்லோரையும் இறக்கினேன். "என்னம்மா இது, எனக்கு மீட்டிங் இருக்கு" என்று ஒருவர் கத்தினார். "மீட்டிங் இருக்கும் சார், நீங்க இருக்கணும்ல" என்றேன்.

ஏன் போன் செய்யவில்லை என்று கேட்காதே. போனில் நீ "ம்... ம்..." என்றே தப்பித்துவிடுகிறாய். காகிதத்தில் "ம்" எழுத முடியாது. தவிர, போன் வெளிச்சம் இடது கண்ணைக் குத்துகிறது. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதுகிறேன், பார்க்கிறாய் அல்லவா.

டாக்டர் "பி செல், பி செல்" என்று முணுமுணுத்தார். அது என்ன? அதே கட்டிடத்தில் மூன்றாவது மாடியில், அதே நோயின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் நீ. புரிகிற மாதிரி எழுது. அப்படியே இரண்டு மாடி ஏறிப் போய் அவர்களைக் கேள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். என்னுடையது போவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. உன் கடிதத்தைப் படித்தபின் தூக்கமும் நின்றுவிட்டது. சின்னவளுக்கு என் முத்தம்.

உனக்கு ஒயரிங் தெரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். நரம்பு ஒரு ஒயர். அதன் மேல் ஓர் உறை. எம்.எஸ். என்றால், உடம்பின் காவலே அந்த உறையைப் பகை என்று நினைத்து அரித்துவிடுவது. உறை போன இடத்தில் மின்சாரம் கசிகிற மாதிரி செய்தி கசிகிறது. கால் இருந்தும் கால் தெரியாது.

அந்தக் காவல்காரர்களில் டி செல், பி செல் என்று இரண்டு வகை. குற்றவாளி டி செல்தான் என்று வெகுகாலம் நினைத்தார்கள். பி செல் ஓரமாக உட்கார்ந்து எதிர்ப்புப் பொருள் தயாரிக்கிற சாதுவான ஆள் என்று பெயர். பிறகு பி செல்லை மட்டும் ஒழிக்கிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பல பேருக்குப் புதுத் தாக்குதல்கள் சில வாரங்களிலேயே அடங்கின. எதிர்ப்புப் பொருள் அளவோ பெரிதாகக் குறையவில்லை. அப்படியானால் அந்தச் சாது வேறு வேலையும் செய்திருக்கிறது. உறையின் துண்டை எடுத்து டி செல்லிடம் நீட்டி, "இவன்தான், அடி" என்று காட்டுகிறது. வேகமாக முற்றுகிற நோயாளிகள் சிலரிடம் அது மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குள்ளேயே கூடு கட்டிக் குடியேறிவிடுகிறது. மருந்து இரத்தத்தில் திரிவதைப் பிடிக்கும். உள்ளே குடியேறியதை எட்டுவது கடினம்.

ஊசி பல பேருக்குப் பலிக்கிறது. நம்பிக்கையோடு போட்டுக்கொள். ஐந்தாவது மாடிக்குப் போக என் அட்டைக்கு அனுமதி இல்லை. லிப்டே மூன்றில் நின்றுவிடும்.

அத்தானுக்கு என் வணக்கம். கண் எப்படி இருக்கிறது என்று எழுது.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

நலம் கேட்டாய். ஊசி போட்ட அன்றெல்லாம் சாயங்காலம் காய்ச்சல். பல் தந்தியடிக்கிறது. "அம்மா இன்ஜின் ஸ்டார்ட் ஆயிடுச்சு" என்று சின்னவள் போர்வை கொண்டுவருகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தை அத்தான் இரண்டு தடவை படித்துக் காட்டினார். ஆக எனக்குள்ளேயே ஓர் ஆள்காட்டி உட்கார்ந்து என்னைக் காட்டிக்கொடுக்கிறான். அவன் உள்ளே கூடு கட்டிவிட்டால் மருந்து எட்டாது. அப்படியென்றால் சீக்கிரம் கொடுக்க வேண்டியதுதானே முறை? கூடு கட்டி முடிக்கும்வரை காத்திரு என்று விதி எழுதியவன் யார்? அவன் வீட்டில் எல்லோருக்கும் கால் இருக்கிறதா?

டிப்போவில் என்னைச் சாவி அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"உங்களுக்கு ஏத்த வேலைம்மா. உக்காந்தே செய்யலாம்" என்றார் மேனேஜர்.

"பதினோரு வருஷமா நான் வாங்கின சாவியை இனிமே நான் எடுத்துக் குடுக்கணும். அதானே?"

"கோவப்படாதீங்க. ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. அன்னைக்குக் கொஞ்சம் போட்டிருந்தீங்களா? நடை ஒரு மாதிரி இருந்துச்சாம்."

"போட்டிருந்தா நேரா நடந்திருப்பேன் சார்."

பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நவம்பரில் நான் உங்கள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தபோது முதுகில் குத்தி நீர் எடுத்தார்கள். ஒரு குழாய் டாக்டருக்கு. இன்னொன்று உங்கள் ஆராய்ச்சிக்கு. அதை வாங்கிக்கொண்டு போனவன் நீ. ஏதோ தாளைப் படித்துக் காட்டினாய், நானும் கையெழுத்துப் போட்டேன். அதில் என்ன பார்த்தீர்கள்? பி செல் எத்தனை இருந்தது?

பதிலைச் சீக்கிரம் எழுது.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பு. செல் எண்ணும் இயந்திரம் பழுதாகிவிட்டது. வெளியூர் ஆள் வந்து பார்த்துச் சரியாவதற்கு வெகுநாள் பிடித்தது. இங்கே வெயில் கொளுத்துகிறது. சூடு ஏறினால் உனக்கு உடம்பு இன்னும் தளரும், ஈரத்துணி வைத்துக்கொள். சாவி அறையில் மின்விசிறி இருக்கிறதா? இல்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்கு. அத்தானின் முதுகுவலி தேவலையா? சின்னவளுக்குப் பரீட்சை எப்போது?

ஆராய்ச்சிக் குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று எண்ணுகிறவனுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை ஒரு பக்கம் சாயும். அது நல்ல விதி.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது, முதுகு நீரை மறுபடி எடுத்து அதில் எந்த செல் எத்தனை என்று எண்ணச் சொல்லிக் கேள். நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தம்பி


ஏப்ரல் 22

தம்பிக்கு,

அத்தான் முதுகு தேவலை. சின்னவள் பரீட்சை முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. மின்விசிறி இருக்கிறது, சுற்றாது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். நீ என் ஒரு கேள்விக்கு ஆறு வாரம் எடுத்துக்கொண்டு விதியைப் பதிலாக அனுப்பியிருக்கிறாய்.

டாக்டரிடம் கேட்டேன்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்றார்.

"பத்திரிகையில படிச்சேன்."

"ரெண்டு ரெண்டா தெரியற கண்ணாலயா?"

"ரெண்டு தடவை படிச்ச மாதிரி ஆயிடுச்சு டாக்டர்."

சிரித்தார். கெட்டவர் இல்லை, களைத்தவர். "நோய் இருக்குன்னு நவம்பர் ரிப்போர்ட்டே சொல்லிடுச்சும்மா. எந்த செல் எத்தனைன்னு எண்றது சிகிச்சையில வராது. அது ஆராய்ச்சி. அதுக்காக மறுபடி குத்த மாட்டாங்க" என்று அனுப்பிவிட்டார்.

போன வாரம் இடது கை போயிற்று. சாவியைக் கொக்கியிலிருந்து எடுக்கிறேன், விரல் மூடுகிறது, சாவி கீழே கிடக்கிறது. ஸ்கேன் எடுத்தார்கள். புதிதாக மூன்று வெள்ளைப் புள்ளி. "ஒண்ணு ஆச்சு" என்று எழுதிக்கொண்டார்கள். இன்னும் ஒரு தடவை தோற்றால் நான் பாஸ்.

ஏன் மறுபடி எண்ணச் சொன்னாய்? பதில் எழுது. வெயிலைப் பற்றி எழுதாதே.

அக்கா


மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

கையைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் சரியில்லை. தினமும் விரல்களை மடக்கி விரி. நான் நலம்.

ஏன் என்று கேட்டாய். பொதுவாகச் சொன்னேன். எங்கள் ஆய்வில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். முதுகு நீரில் நூறு செல் எண்ணினால் பெரும்பாலோருக்கு பி செல் இரண்டோ மூன்றோதான் வரும். இந்த நோயில் கொஞ்சம் கூடும். நாற்பத்தொன்றாம் எண் குழாயில் முப்பத்தேழு வந்தது. இயந்திரக் கோளாறு என்று மூன்று தடவை எண்ணினோம். மாறவில்லை. கூட்டத்தில், ஆய்வை நடத்தும் மேடம் அதைத் திரையில் போட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள். இத்தனை தெளிவான ஒன்று கிடைப்பது அபூர்வம். ஆய்வுக்கு அது பெரிய பலம்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மட்டும், "இந்த ஆளுக்கு வேகமா முத்துமே மேடம், யாராவது சொல்லணுமே" என்றாள்.

"எந்த ஆள்? நமக்கு நாப்பத்தொண்ணுதாம்மா தெரியும்" என்றார் மேடம். அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

அதனால்தான் உன்னைக் கேட்கச் சொன்னேன். வேறொன்றும் இல்லை. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


ஜூன் 1

தம்பிக்கு,

எழுதுவது அத்தான், சொல்வது நான். எழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தால் அவரைத் திட்டு. (கோழி நலமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நீங்கள் எப்படி?)

நான் பாஸாகிவிட்டேன். பத்து நாளைக்கு முன்னால் குளியலறையில் இரண்டு காலும் ஒன்றாகப் போய்விட்டன. விழுந்த இடத்தில் முக்கால் மணி நேரம் கிடந்தேன். சின்னவள் விளையாடிவிட்டு வந்து கதவைத் தட்டி, "அம்மா, பாட்டு பாடறியா?" என்றாள். பாடவில்லை. (கத்திக்கொண்டிருந்தாள்.) அதை எழுதாதீர்கள் என்றேன், எழுதிவிட்டார்.

இடது கால் கொஞ்சம் திரும்பி வந்தது. வலது கால் வரவில்லை. சக்கர நாற்காலி வந்திருக்கிறது. ஸ்கேனைப் பார்த்துவிட்டுக் குழு நான்கே நாளில் மருந்தைக் கொடுத்துவிட்டது. ஜனவரியில் நான் அவர்கள் வாசல்வரை நடந்து போய்க் கேட்டேன், இல்லை என்றார்கள். நடக்க முடியாமல் கேட்டதும் நான்கு நாளில் கிடைக்கிறது. இவர்கள் ஊரில் தீயணைப்பு வண்டி சாம்பலைப் பார்த்த பிறகுதான் கிளம்பும் போல. ஜூலை எட்டாம் தேதி உங்கள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ். ஒரு பகல் பிடிக்குமாம். நீ கூட இரு.

அந்த நாற்பத்தொன்றாம் ஆளை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்கு மருந்து கிடைத்ததா? அவரும் எங்கேயோ இரண்டு தடவை விழுவதற்குக் காத்திருக்கிறாரா? கைதட்டின அத்தனை பேரில் எழுந்து போய்ச் சொல்ல ஒருவருக்குமா கால் இல்லை? உனக்குமா இல்லை? விதி கிடக்கட்டும். கண்டுபிடித்துச் சொல்லிவிடு, தம்பி. அவருக்காவது ஆகட்டும்.

(அழுகிறாள். இத்தோடு நிறுத்துகிறேன். வந்துவிடுங்கள்.)

அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மருந்து கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. எட்டாம் தேதி நிச்சயம் வருவேன். முந்தைய நாள் நன்றாகத் தண்ணீர் குடி.

அந்த ஆளைப் பற்றிக் கேட்டிருந்தாய். எனக்குத் தெரியாது.

எல்லோருக்கும் என் அன்பு.

தம்பி


ஜூலை 20

தம்பிக்கு,

நீ நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை டிரிப்ஸ் ஏறியது. மூன்றாவது மாடி என் தலைக்கு நேர் மேலே. நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அத்தானுக்குச் செய்தி அனுப்பினாய்.

கிளம்பும்போது வார்டு நர்ஸ் என் கோப்பு முழுவதையும் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அத்தான் ஒவ்வொரு தாளாகப் படித்துக்கொண்டு வந்தார். ஒரு தாளில் நிறுத்திவிட்டார். "என்ன?" என்றேன். தாளை மடக்கப் பார்த்தார். பிடுங்கி, கண்ணுக்கு ஒட்ட வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நானே படித்தேன்.

உங்கள் ஆராய்ச்சித் தாள். மூலையில் எண்: 41.

அதில் ஒரு கேள்வி. "சிகிச்சைக்கு முக்கியமான ஏதாவது தெரியவந்தால் உங்கள் டாக்டருக்குச் சொல்லலாமா?" பக்கத்தில் இரண்டு கட்டம். "வேண்டும்", "வேண்டாம்". "வேண்டாம்" கட்டத்தில் டிக். கீழே, "படித்துக் காட்டி, அவர் சார்பில் குறித்தவர்" என்று உன் கையெழுத்து.

நவம்பரில் எனக்கு எழுத்து தெரியவில்லை. நீ கையில் டீயோடு கட்டிலில் உட்கார்ந்து கடகடவென்று படித்தாய். "எது நல்லதோ அதைப் போடுடா" என்றேன். நீ இதைப் போட்டாய்.

மறுநாள் அந்த நர்ஸுக்குப் போன் செய்தேன். "அது எப்பவும் அப்படித்தாங்க. தானா படிக்க முடியாதவங்களுக்கு வேண்டாம்னுதான் போடுவாங்க. வேணும்னு போட்டா ஒவ்வொருத்தருக்கும் தனிக் கூட்டம், தனிக் கடுதாசி, யாரு உக்காந்து விளக்குறது?" என்றார். சாதாரணமாகச் சொன்னார், கை கழுவுகிற முறையைச் சொல்வது மாதிரி.

நாற்பத்தொன்று யார் என்று உனக்கு எந்தத் தேதியில் தெரியும்? தேதி மட்டும் எழுது.

அக்கா


ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

டிசம்பர் 11.

உறைய வைத்திருந்த குழாய்களை அன்றுதான் எண்ணினேன். நவம்பரில் உன்னிடம் எடுத்த நாளில் வந்தது ஒரே ஒரு குழாய். வார்டிலிருந்து நானே என் கையால் தூக்கிக்கொண்டு வந்தது. எண்ணும்போதே தெரியும். நான் எண்ணியிருக்கக் கூடாது, வேறு ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். வேலை ஒப்பந்தம் மார்ச்சில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. "வேண்டாம்" என்று குறித்ததை மீறிச் சொன்னால் வேலை போகும். ஆய்வையே நிறுத்திவிடுவார்கள் என்றும் பயந்தேன்.

டிக் போட்டபோது நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாக. அப்படித்தான் பழக்கினார்கள். அன்று காலையிலேயே இன்னும் சில தாள்கள் நிரப்பியிருந்தேன். கை தானாகப் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லியிருந்தாலும் குழு ஏற்றிருக்கும் என்று உறுதியில்லை. அந்த எண்ணிக்கையை வைத்து மருந்து கொடுக்கும் விதி இன்னும் வரவில்லை. இதைத் தப்பிக்கச் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் சொல்ல முயன்றேன். மறுபடி எண்ணச் சொன்னேன். எண்ணைக்கூட எழுதினேன்.

மன்னித்துவிடு. கால் எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்கு வாயில்லை.

தம்பி


ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

கால் அப்படியே இருக்கிறது. புதுத் தாக்குதல் எதுவும் இல்லை. போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குழு ஏற்றிருக்காது என்கிறாய். சரி, அவர்கள் மறுத்திருக்கட்டும். டாக்டர் அந்த எண்ணை விண்ணப்பத்தில் எழுதி, ஐந்தாவது மாடியில் ஒருவன் அதைப் படித்து, என் பெயருக்கு எதிரே "இல்லை" என்று எழுதியிருக்கட்டும். அவன் சட்டையை நான் பிடித்திருப்பேன். நீ ஏன் அவனுக்காக மறுத்தாய்? டிசம்பரில் நான் இந்தத் தெருவின் கடைசிவரை நடந்தேன்.

வேலை போகும் என்று பயந்தாய். புரிகிறது. நானும் ஓட்டுகிற வேலை போனவள்தான். அதற்காக உன்னை மன்னிப்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. அதை அப்புறம் பார்க்கலாம். நீ என் தம்பி, அது எங்கேயும் ஓடிப்போகாது. மன்னிப்பு என்ற சொல்லை இன்னும் ஆறு மாதத்துக்கு எனக்கு எழுதாதே.

உன் கடிதத்தில் ஒரு வரியில்தான் என் கண் நின்றுவிட்டது. "அன்று காலையிலேயே இன்னும் சில தாள்கள்." அத்தானை நான்கு தடவை படிக்கச் சொன்னேன். சில என்றால் எத்தனை? யார் அவர்கள்? கண் தெரியாதவர்கள், எழுத்து தெரியாதவர்கள், கை நடுங்குகிறவர்கள். எனக்காவது கேள்வி கேட்க ஒரு தம்பி இருந்தான். அவர்களுக்கு அந்தத் தாள் இருந்ததே தெரியாது. அந்தக் குழாய்களில் என்ன எண்ணினீர்கள்? எதற்கெல்லாம் கைதட்டினீர்கள்?

அந்தத் தாள்களை எடு. உன் கையெழுத்து இருக்கிற ஒவ்வொன்றையும். மேடத்தின் மேசையில் வை. அந்த ஆட்களைக் கூப்பிட்டு, மறுபடி நிதானமாகப் படித்துக் காட்டி, அவர்கள் வாயாலேயே பதில் சொல்லச் சொல். வேண்டாம் என்று அவர்களே சொன்னால் சரி.

சாப்பிடு. தூங்கு. இதைச் செய்.

அக்கா


செப்டம்பர் 20

தம்பிக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. போன் எடுக்கவில்லை. வேலைக்கு ஒழுங்காகப் போகிறாய் என்று அந்த நர்ஸ் சொன்னார். அதனால் நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். இடது கை சாவியைப் பிடிக்கிறது.

சக்கர நாற்காலியில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன், போன செவ்வாய்க்கிழமை. மூன்றாவது மாடியில் லிப்ட் நின்றது. கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நீ வெள்ளைக் கோட்டோடு நின்றாய். கையில் அட்டை, அட்டையில் தாள்கள், பேனா. என்னைப் பார்த்தாய் என்று நினைக்கிறேன். பார்க்கவில்லை என்றால் எழுது, நம்புகிறேன். ஒரு கிழவர் உன் எதிரே உட்கார்ந்திருந்தார். நீ படித்துக் காட்டினாய். அவர் தலையை ஆட்டினார். நீ குறித்தாய்.

அவருக்கு எந்தக் கட்டத்தில் போட்டாய்?

அக்கா